செங்கல் கால் எழுத்து

பிப்ரவரி 11, 1974

குளிர் விடவில்லை. ராட்டினக்காரர்கள் குளிர்காலத்துக்கு வண்டிகளை நிறுத்தும் யார்டில் எல்லோரும் பெயின்ட் டப்பாவும் கையுமாக அலைகிறார்கள். ஈஸ்டருக்கு முதல் சந்தை. எங்கள் குடை ராட்டினம் மட்டும் தார்ப்பாய்க்குள் கிடக்கிறது. என் வீட்டுக்காரர் வில்ஃப் இறந்து மூன்று மாதம். இன்னும் டீக்கு இரண்டு கோப்பைதான் எடுத்து வைக்கிறேன்.

பிப்ரவரி 17

மகள் லினெட் வந்தாள். மாப்பிள்ளை வீட்டார் மார்ச் மூன்றாம் தேதி எங்களைப் பார்க்க வருகிறார்களாம். மாப்பிள்ளையின் அப்பா பேங்க் மேனேஜர். பேசிக்கொண்டே தார்ப்பாயை விலக்கி ராட்டினத்தின் முகப்புப் பலகையைப் பார்த்தாள்.

"அப்பா பேரு கத்துதும்மா, சோப்பு விளம்பரம் மாதிரி. கொஞ்சம் சன்னமா எழுதக் கூடாதா?"

கத்தத்தான் செய்யும். ‘தர்க்கெல்’ என்று அவருடைய குடும்பப் பேர், ஆள் உயரத்துக்கு. சிவப்பு, தங்க ஓரம், கறுப்பு நிழல். ஒவ்வோர் எழுத்தும் கொழுத்து, காலுக்கடியில் செங்கல் வைத்தாற்போல் சதுரப் பாதம். வயலுக்கு அந்தப் பக்கம் மழையில் வருகிறவனுக்கும் தெரிய வேண்டும் என்பார் வில்ஃப்.

எனக்கு எழுத்து வந்ததே அதில்தான். ஊர் ஊராகப் போகிற பிள்ளைக்கு இங்கே ஒரு வாரம், அங்கே ஒரு வாரம் – அது என்ன படிப்பு. கல்யாணமான புதிதில் என் விரலைப் பிடித்து அந்த எழுத்தின் மேல் நடத்தினார். "பாதத்துல ஆரம்பி, மேல ஏறு."

இவ்வளவும் நினைவிருந்தும் லினெட்டிடம் சரி என்றேன். எனக்கும் வெட்கம்தான். இன்று நேற்று வந்ததில்லை.

பிப்ரவரி 20

போர்டு எழுதும் ஸ்டானிடம் சொன்னேன். பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டார்.

"நெஜமாவாக்கா? முப்பது வருஷமா குளிருக்குக் குளிரு அந்த எழுத்து மேலயே பூசிக்கிட்டிருக்கேன்."

"மரியாதப்பட்டவங்க வர்றாங்க, ஸ்டான்."

"அப்ப வில்ஃப் யாரு?"

வெண்ணெய் நிற டப்பாவை அவர் பக்கம் தள்ளிவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 26

முடிந்தது. வெண்ணெய் நிறப் பலகை. சாய்ந்த மெல்லிய எழுத்தில் ‘குடை ராட்டினம்’. பேர் இல்லை. நான்தான் வேண்டாம் என்றேன்.

மார்ச் 3

வந்தார்கள். "நேர்த்தியா வச்சிருக்கீங்க" என்றார் சம்பந்தி அம்மாள். என் தட்டில் கேக் அப்படியே இருந்தது.

ஏப்ரல் 13

முதல் சந்தை. தூறல். சனம் எங்களைத் தாண்டித் தாண்டிப் போனது.

வில்ஃபின் தம்பி ஆர்ச்சி நனைந்துகொண்டு வந்தான். "ரெண்டு சுத்து சுத்திட்டேன் அண்ணி, நம்ம ராட்டினத்தக் காணோம். அண்ணன் பேரு எங்க?"

"பலகை உளுத்துப்போச்சு. புதுசு போட்டேன்."

வாய் கூசாமல் வந்தது. அவன் பலகையைத் தடவினான். புதுப் பூச்சுக்கடியில் பழைய பூச்சு மேடு கட்டி நிற்கிறதே, நான் அதை யோசிக்கவில்லை. அவன் விரல் முதல் எழுத்தின் பாதத்தில் போய் நின்றது. தொப்பியைக் கழற்றினான்.

"பலகை நல்லாத்தான் இருக்கு அண்ணி."

போய்விட்டான். திட்டியிருக்கலாம்.

ஏப்ரல் 14

ஈஸ்டர். சர்ச்சுக்குப் போகவில்லை. எந்த முகத்தோடு?

லாரிக் கதவிலும் அதே எழுத்துத்தான். லினெட்டின் பள்ளிக்கூட வாசலுக்கு லாரியைக் கொண்டு வராதீங்க என்று அவரிடம் சொன்னது யார் – நான்தானே? தெரு முனையிலயே நிறுத்திட்டு மழையிலயும் நடந்து வருவாரு. ஏன்னு ஒரு நாள் கேட்டாரா? கேட்டிருக்கலாமே மனுஷன். நான் என்ன சொல்லியிருப்பேன்.

ஏப்ரல் 15

தூங்கவில்லை.

ஏப்ரல் 16

ஸ்டான் வேறு சந்தைக்குப் போய்விட்டார். சிவப்பு டப்பாவை நானே திறந்தேன். கண்ணை மூடிக்கொண்டு தடவினேன். மேடு எங்கும் போய்விடவில்லை. பாதத்தில் ஆரம்பித்து, மேலே. ஓரமெல்லாம் கோணல். நிழல் போட எனக்கு வரவில்லை. முடிக்க இரண்டு நாளாவது ஆகும்.

மே 5

லினெட் சம்பந்திகளைச் சந்தைக்குக் கூட்டி வந்தாள். பலகையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

சம்பந்தி அம்மாள் கண்ணைச் சுருக்கினார். "எழுத்து கோணியிருக்கே. யாரு எழுதினது?"

"நான்தான். அவர் சொல்லிக்கொடுத்தது."

சாயங்காலம் ஆர்ச்சி வந்தான். எங்கேயும் சுற்றவில்லை, வாசலிலிருந்து நேராக வந்தான். இரண்டாவது கோப்பையை அவனுக்கு ஊற்றினேன்.