நெல்லாகவே கூலி அளந்தவளுக்கு

அன்று களத்தில் அறுப்புக்காரிகளுக்கு நீ நெல்லை அளந்து கொடுத்தது இரக்கமா, அடுத்த நடவுக்கு ஆள் வேண்டுமே என்ற கணக்கா? எனக்குத் தெரியவில்லை. ஐம்பதை நெருங்குகிறேன், பாதி ஆயுளைப் பொருளாதாரம் சொல்லிக்கொடுத்தே கழித்திருக்கிறேன். இருந்தும் தெரியவில்லை.

இன்று மாலை கல்லூரியிலிருந்து நடந்து வரும்போது ஒரு வீட்டுப் பின்புறத்தில் நெல் அவித்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஆவி மூக்கில் ஏறியதும் கால் நின்றுவிட்டது. நெல்லுக்கு இருந்த கட்டுப்பாடுகளைச் சர்க்கார் எடுத்துவிட்டது. யாருக்கும் ஒளிக்காமல் அவிக்கிறார்கள். நீ போய்ச் சேர்ந்து ஒரு வருடம் ஆகிறது.

சுதந்திரம் வந்த புதிது. மாசி மாதக் கும்பப்பூ அறுவடைக்கு முந்தின வாரம், தாலுகா கச்சேரியிலிருந்து வந்த சீட்டோடு நீ தோவாளையிலிருந்து நாகர்கோவிலுக்கு என்னைத் தேடி வந்தாய். வயலின் அளவை வைத்து இவ்வளவு நெல்லைச் சர்க்காருக்கு அவர்கள் விலைக்குக் கொடுத்துவிட வேண்டும் என்று எழுதியிருந்தது. விதைக்கும், உன் வீட்டில் இருந்த நான்கு வயிற்றுக்கும் மட்டும் ஒதுக்கியிருந்தார்கள். நீ, இரண்டு பையன்கள், பல்லெல்லாம் போன உன் மாமியார். அறுக்கிறவர்களுக்கு நெல்லாகக் கூலி கொடுப்பதுதான் வழக்கம். அந்த நெல்லுக்குச் சீட்டில் இடமே இல்லை.

"ஏட்டி, நீ படிச்சவளுல்லா. ஒரு வழி சொல்லு" என்றாய்.

"கூலியைப் பணமாகக் கொடுத்துவிடு. நெல்லுக்கு ஈடான பணம்தானே, யாருக்கும் நஷ்டமில்லை" என்றேன்.

"வழக்கமில்லாத காரியம்" என்று மட்டும் சொன்னாய். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் இருந்த காலத்திலிருந்தே, உனக்குச் சரியென்று படாததையும் நான் சொன்னால் செய்துவிடுவாய். அன்றும் அப்படித்தான் எழுந்து போனாய்.

அறுவடை அன்று நானும் களத்துக்கு வந்திருந்தேன். என் யோசனை எப்படி நடக்கிறதென்று பார்க்கும் ஆசை, மறைப்பானேன். நெற்பொலியைத் தூற்றி முடித்ததும் அறுத்த ஐந்து பெண்களும் ஓலைப்பெட்டிகளைக் கொண்டுவந்து வரிசையாக வைத்தார்கள். நீ மடியிலிருந்து பணத்தை எடுத்தாய். முன்னால் நின்ற முத்தம்மை கையை நீட்டவில்லை.

"இது என்னத்துக்கும்மா?"

"கூலி. இந்தத் தடவை துட்டுதான் முத்தம்மே. டீச்சர் சொல்லிச்சு."

"அப்போ டீச்சரு கூட வரட்டு. இந்தத் துட்டுக்கு நெல்லு தாற கடை எதுன்னு காட்டித் தரட்டு. நான் பொறத்தாலயே வாறேன்."

மற்ற நால்வரும் சிரித்தார்கள். நான் விளக்கப் போனேன். இந்தச் சட்டமே உங்களைப் போன்றவர்களுக்காகத்தான், எல்லா நெல்லும் சர்க்கார் கைக்குப் போனால்தான் ரேஷனில் ஏழைக்கும் அரிசி கிடைக்கும் என்றேன்.

"கிடைக்கும், கிடைக்கும். ரேஷன் அரிசி வாரத்துல மூணு நாளைக்கு வரும். மிச்ச நாலு நாளும் சட்டத்தையா கஞ்சி வைக்க?"

முதலில் வெடித்துச் சிரித்தது நீதான். அதே சிரிப்போடு பணத்தை மடியில் செருகிக்கொண்டு மரக்காலை எடுத்தாய். ஐந்து பெட்டிகளும் வழக்கம்போல நிறைந்தன.

உன் காதருகே வந்து, "சர்க்காருக்கு என்ன பதில் சொல்லப்போகிறாய்?" என்றேன்.

"அவங்களுக்கு உள்ளதுல ஒரு மணி தொட மாட்டேன். இது எங்க வீட்டுப் பங்கு. மரச்சீனிக் கெழங்கு கெடக்குல்லா, அவிச்சித் தின்னுவோம்." பிறகு குரலைத் தாழ்த்தி, "அவளுவ அடுத்த நடவுக்கு வரண்டாமா?" என்றாய்.

அந்தக் கடைசி வாக்கியத்தை நீ எனக்காகச் சொன்னாய் என்று சில நாள் தோன்றுகிறது. நான் கணக்குப் பேசுகிறவள். எனக்குப் புரிகிற பாஷையில் ஒரு காரணம் தந்து என் மானத்தைக் காப்பாற்றினாய். சில நாள், இல்லை, மெய்யாகவே அதுதான் காரணம் என்று தோன்றுகிறது.

ஒரு சட்டத்தின் சுமை எழுதப்பட்ட இடத்திலேயே நிற்பதில்லை. பலமுள்ளவன் தள்ளிவிடுவான், அது உருண்டு, சட்டத்தில் பெயரே இல்லாத ஒருத்தியின் பெட்டியில் போய் விழும். இதை நான் புத்தகத்தில் படித்திருந்தேன். அப்படிப் படித்தவள்தான் தள்ளிவிடும் வழியை உனக்குச் சொல்லியும் கொடுத்தேன். நீயோ அதை நடுவில் நின்று பிடித்துக்கொண்டாய். இப்போது வகுப்பில் எந்தச் சட்டத்தைப் பற்றிப் பேசினாலும், இதில் பெயர் வராதவர் யார் என்று முதலில் கேட்கிறேன். பிள்ளைகள் அதை என் கேள்வி என்று நினைக்கிறார்கள்.

அன்றிரவு உன் வீட்டிலேயே தங்கினேன். மறுநாள் நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். காலையில் சர்க்கார் வண்டி வந்து, சீட்டில் இருந்த நெல் முழுவதையும் ஏற்றிக்கொண்டு போயிற்று. மத்தியானம் முத்தம்மை புறவாசலில் வந்து நின்றாள். புதுநெல் குத்திய அரிசி ஒரு நாழி, முந்தானையில் முடிந்திருந்தாள்.

"பெரியம்மைக்கு மரச்சீனி கடிக்க முடியாதுல்லா. அவங்களுக்கு மட்டுந்தான். ஒங்களுக்கு இல்லை."

"எடுத்துட்டுப் போ ஏட்டி" என்று நீ அதட்டினாய். அவள் அசையவில்லை. என்னைப் பார்த்து, "டீச்சருக்கும் இல்லை, கேட்டேளா" என்றாள்.

மாமி கஞ்சி குடித்தாள். நீயும் நானும் பையன்களும் மரச்சீனி தின்றோம்.