சாட்சி வரிசைகள்

டுலூத்,
ஆகஸ்ட் 3

அன்புத் தங்கை டெலோரிஸுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. என் இடுப்பெலும்பு கூடிவிட்டது என்கிறார் மருத்துவர். எனக்கு நம்பிக்கையில்லை. காரில் ஏற இன்னும் அனுமதியில்லை. இல்லாவிட்டால் மாப்பிள்ளை ரோலண்ட் இறந்துபோன இந்த இரண்டு மாதத்தில் உன்னைத் தனியாக விட்டிருப்பேனா?

மழையே இல்லாமல் சோளத்தட்டை வெளுத்துப் போனது பற்றி எழுதியிருந்தாய். மாட்டுத் தீவனத்துக்காவது வெட்டிவிடலாமா என்று கேட்கிறாய். வெட்டலாம். ஆனால் முழுவதையும் வெட்டிவிடாதே. காப்பீட்டு அலுவலகத்தில் நாற்பது வருஷம் இருந்தவன் சொல்கிறேன், அவசரத்தில் எல்லாரும் செய்கிற தப்பு அதுதான். முதலில் அலுவலகத்துக்குத் தகவல் சொல். மதிப்பீட்டாளர் வரும்வரை, அவர்கள் சொல்லும் இடங்களில், வயலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை சில வரிசைகளை நிற்கவிட வேண்டும். நாங்கள் அவற்றைச் சாட்சி வரிசைகள் என்போம். அவற்றில் என்ன விளைந்திருக்கிறதோ அதுதான் வயல் முழுவதும் விளைந்தது என்று எடுத்துக்கொள்வார்கள்.

ரோலண்ட் எடுத்திருப்பது வருவாய்க் காப்பீடு. அதாவது விளைச்சல் குறைந்தாலும் விலை விழுந்தாலும், இரண்டும் சேர்ந்தாலும், வரவேண்டிய வருமானத்தில் ஒரு பங்கு வரை கைகொடுக்கும். பிப்ரவரியில் ஒரு விலை குறிப்பார்கள், அறுவடை சமயத்தில் இன்னொன்று. எது கூடுதலோ அதுதான் உனக்குக் கணக்கு. ஊரெல்லாம் காய்ந்து கிடக்கும்போது விலை ஏறும். விற்கச் சோளமே இல்லாதவனுக்கு அந்த ஏற்றத்தால் என்ன பயன்? அதை ஈடுகட்டத்தான் இந்த ஏற்பாடு. இழப்பீடு வந்துவிட்டால் கடனுக்காக வங்கிக்காரன் உன் மேற்கு வயலைத் தொடமுடியாது.

தெளிவாக எழுதினேனா என்று சந்தேகமாக இருக்கிறது. புரியாவிட்டால் கேள்.

அன்புடன்,
ஆல்டன்

*

வீட்டிலிருந்து,
ஆகஸ்ட் 12

அன்புள்ள அண்ணா,

நீங்கள் சொன்னபடியே செய்தேன். பக்கத்துப் பண்ணை ட்வைட் வந்து வெட்டிக் கொடுத்தான். கிழக்கே ஒரு பட்டை, மேற்கே ஒரு பட்டை நிற்கிறது. மொட்டைத் தலையில் இரண்டு கீற்று முடி விட்ட மாதிரி இருக்கிறது வயல்.

ஒன்று கேட்க வேண்டும். சிரிக்கக்கூடாது. வெட்டும்போது அந்த வரிசைகளும் மற்றதைப் போலத்தான் வெளுத்து நின்றன, என் கண்ணால் பார்த்தேன். இப்போது பச்சையாக இருக்கின்றன. நேற்று ஒரு கதிரை உரித்துப் பார்த்தேன். அடியிலிருந்து நுனிவரை மணி பிடித்திருக்கிறது, அண்ணா. ஒரு சொட்டு மழை பெய்யவில்லை. ஆனால் வரிசைக்கு நடுவே மண் ஈரம்.

களையும் பிடுங்கியிருக்கிறது. பிடுங்கிய களை வேர் மேலாக, எல்லாம் மேற்குப் பார்த்துப் படுத்திருக்கிறது. அப்படிப் போடுகிறவர் ஒருவர்தான், உங்களுக்கே தெரியும்.

நாய் உள்ளே போகவில்லை. ஓரத்தில் உட்கார்ந்து குரைத்தாலாவது பரவாயில்லை. வாலை ஆட்டுகிறது.

உங்கள்,
டெலோரிஸ்

*

டுலூத்,
ஆகஸ்ட் 16

அன்புத் தங்கைக்கு,

சிரிக்கவில்லை. இரண்டு நாளாக யோசித்தேன். அந்தப் பட்டைகளின் அடியில் பழைய வடிகால் குழாய் உடைந்திருக்கலாம். தட்டை குறைந்ததால் மிச்ச ஈரம் நிற்பவற்றுக்குக் கிடைத்திருக்கலாம். களையை ட்வைட்டின் மகன் பிடுங்கியிருக்கலாம். ஆனால் செத்த கதிரில் ஒரு வாரத்தில் மணி பிடிக்க ஒரு காரணமும் எனக்குத் தோன்றவில்லை. படித்த படிப்பெல்லாம் இங்கே நின்றுவிட்டது.

எனக்கு வேறு பயம். மதிப்பீட்டாளர் அந்தக் கதிர்களைப் பார்த்தால் உன் வயல் முழுவதும் அப்படி விளைந்ததாகத்தான் எழுதுவார். இழப்பே இல்லை என்றாகிவிடும். அதற்காக அதை வெட்டிவிடாதே. சாட்சியைக் கலைத்தால் ஒன்றும் கிடைக்காது. நாமும் பொய்யர்களாவோம். ட்வைட்டைக் கூப்பிட்டுக் காட்டு. உன் கண் உன்னை ஏமாற்றவில்லையே என்று எனக்குத் தெரிய வேண்டும். கோபித்துக்கொள்ளாதே.

அன்புடன்,
ஆல்டன்

*

வீட்டிலிருந்து,
ஆகஸ்ட் 21

அன்புள்ள அண்ணா,

ட்வைட்டைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒரு கதிரை உரித்துவிட்டுத் தொப்பியைக் கழற்றிவிட்டான்.

"என்னக்கா இது, மாவட்டத்துலயே இப்படி ஒரு கதிர் இல்ல. ராத்திரி ராத்திரி வாளியில தண்ணி ஊத்துறீங்களா?"

"எனக்கு முட்டி இருக்கிற லட்சணத்துல வாளி ஒண்ணுதான் குறைச்சல்" என்றேன்.

"அப்ப ரோலண்ட் அண்ணன்தான். இதே மேற்கு வயல்ல ஆலங்கட்டி விழுந்தப்ப மதிப்பீட்டுக்காரனை என்ன விரட்டு விரட்டினாரு! 'என் நிலத்துல குறை எண்ண ஒருத்தன் வரணுமாடா'ன்னு. செத்தும் மனுஷன் வீம்ப விடல பாருங்க" என்று சிரித்தான். அப்போது வரிசைகளுக்கு உள்ளேயிருந்து சீட்டி கேட்டது. அவருடைய அந்த ஓட்டைப் பல் வழியாக வருகிற சீட்டி, காற்று பாதி, பாட்டு பாதி. ட்வைட்டின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வண்டியை எடுத்துக்கொண்டு போனவன் இன்னும் வரவில்லை. காப்பித் தம்ளர் என் வேலிக்கம்பத்தின் மேலேயே இருக்கிறது.

எனக்குப் பயமில்லை, அண்ணா. சாயங்காலம் நாற்காலியைப் போட்டு ஓரத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். இலை அசைகிறது, கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஆனால் மாத முடிவில் மதிப்பீட்டாளர் வருகிறாள், காரா என்று ஒரு பெண். நிலம் போய்விட்டால் நாற்காலியை எங்கே போடுவது?

அவரிடம் நான் சொல்லிப் பார்த்தேன். காப்பீட்டு விஷயத்தில் அவர் என்றைக்கு என் பேச்சைக் கேட்டார்? உங்கள் கடிதம் வந்தால் மட்டும் இரண்டு தடவை படிப்பார். நீங்கள் எழுதுங்கள். இழப்பீட்டுக்குச் சம்மதிக்கச் சொல்லுங்கள். கம்பத்தில் குத்தி வைக்கிறேன்.

உங்கள்,
டெலோரிஸ்

*

டுலூத்,
ஆகஸ்ட் 24

அன்புள்ள மாப்பிள்ளை ரோலண்டுக்கு,

இப்படி ஒரு கடிதம் எழுதலாமா கூடாதா என்று எனக்குத் தெரியவில்லை. தங்கை கேட்டாள், எழுதுகிறேன். தப்பாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இழப்பீடு வாங்குவதைப் பிச்சை என்று நினைத்தீர்கள். நேரில் மறுக்க எனக்குத் துணிச்சல் இருந்ததில்லை, உங்கள் குரல் பெரியது. இப்போது சொல்கிறேன். இந்தக் காப்பீட்டின் அடிப்படை என்ன தெரியுமா? இந்த நிலத்தில் இத்தனை வருஷம் நீங்கள் விளைவித்ததன் சராசரி. நீங்கள் நன்றாக உழுத வருஷமெல்லாம் சேர்ந்து, விளையாத வருஷத்துக்குப் பொறுப்பேற்கிறது. சோம்பேறியின் நிலத்துக்கு இவ்வளவு உறுதி கிடைக்காது. அரசாங்கம் ஒரு பங்கு போடுகிறது, மறைக்கவில்லை. மிச்சப் பிரீமியத்தை ஒவ்வொரு வருஷமும் முணுமுணுத்துக்கொண்டே கட்டியவர் நீங்கள்தானே?

யாரும் உங்கள் குறையை எண்ண வரவில்லை, மாப்பிள்ளை. மழையின் குறையை எண்ண வருகிறார்கள். வயல் காய்ந்தது காய்ந்ததாகவே இருக்கட்டும். இரண்டு பட்டையில் மட்டும் நீங்கள் ஜெயித்தால் டெலோரிஸ் நிலம் முழுவதையும் தோற்பாள்.

செய்ய வேண்டியதையெல்லாம் செய்துவிட்டீர்கள். இங்கே இனி உங்களுக்கு வேலை ஒன்றும் பாக்கியில்லை. நிம்மதியாகப் போய் ஓய்வெடுங்கள்.

மரியாதையுடன்,
ஆல்டன்

*

வீட்டிலிருந்து,
செப்டம்பர் 2

அண்ணா,

கடிதத்தைப் படிக்காமலேயே குத்தி வைத்தேன். புருஷனுக்கு வந்ததைப் பிரித்துப் படிக்கிற பழக்கம் எனக்கில்லை.

மறுநாள் காலையில் இரண்டு பட்டையும் சாம்பல் நிறமாக நின்றன. மண் வெடித்திருந்தது. காரா வந்து கதிர்களை உரித்தாள். பல் விழுந்த வாய் மாதிரி அங்கொன்றும் இங்கொன்றுமாக மணி. "ரொம்ப வருத்தமா இருக்கும்மா, வயல் முழுக்க இப்படித்தான் இருந்திருக்கு" என்றாள். இழப்பீடு நிச்சயம் என்றாள். அறுவடை விலை குறித்ததும் கணக்கு முடியுமாம். நிலம் பிழைத்தது. உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டியதுதான். சொல்லிவிட்டேன்.

கடிதம் மட்டும் கம்பத்திலேயே இருந்தது. அவர் மடிக்கிற மாதிரி நான்காக மடித்து, மறுபடி குத்தியிருந்தது. அவர் படித்து முடித்ததை நான் படிப்பது வழக்கம். படித்தேன்.

அண்ணா, சம்மதிக்கச் சொல்லுங்கள் என்றுதானே கேட்டேன். போகச் சொல்லும்படி கேட்டேனா? கடைசிப் பத்தியை ஏன் எழுதினீர்கள்? எதையும் ஒழுங்காக முடித்து வைக்காமல் உங்களால் இருக்க முடியாது, தெரியும். ஆயுசுக்கும் யார் சொல்லியும் ஒரு வார்த்தை கேட்காத மனுஷன், அந்த ஒன்றை மட்டும் உடனே கேட்டுவிட்டார்.

இனி வெட்டிக்கொள்ளலாம் என்று காரா சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். நான் வெட்டவில்லை. சாயங்காலம் நாற்காலியைப் போடுகிறேன். இலை அசைந்தால் அது காற்றுதான். நாய் வந்து நிற்கிறது, வாலை ஆட்டுவதில்லை, என்னைத் திரும்பிப் பார்க்கிறது.

இடுப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். கொஞ்ச காலத்துக்கு எனக்கு எழுத வேண்டாம்.

டெலோரிஸ்