மருதமரப் பொந்துச் சிலந்திக்கு அபயம்

மழை பிழையாதிருக்க, மக்கள் அஞ்சாதிருக்க! செங்கோடை நாடாளும் பெருந்திண்ணக் கோ, மேல்மலைக் கூற்றத்து ஆளுநர் சேந்தன் வில்லவராயருக்கு எழுதுவித்த ஓலை. நும் குடிகளும் களிறுகளும் நலமுறுக.

மருதங்காட்டுப் பொந்துகளில் வாழும் பெருஞ்சிலந்தி யானைப்பாகன் ஒருவனைக் கொன்றதென்றும், மரம் வெட்டுவோர் காட்டில் கால்வைக்க மறுக்கிறார்களென்றும், ஆதலால் காட்டையே கொளுத்த ஆணை வேண்டுமென்றும் நீர் எழுதியிருந்தீர். ஆணையிடுமுன் நேரிற் கண்டுவர நம் அரண்மனை மருத்துவச்சி வெண்பூதியாரை அனுப்பினோம். அங்கு நடந்ததை நீரும் அறியக் கடவீர்.

நும் படைத்தலைவன் எயினன் பந்தங்களோடு மலையடியில் ஆயத்தமாய் நின்றான். மருத்துவச்சியார் அவனைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு, இறந்த பாகனின் மனைவி நங்கையைத் தேடிப் போனார். "தேனெடுக்க ஏறினாரு அம்மா. பொந்துல கைய விட்டதும் கடிச்சிருச்சு. பயத்துல பிடிய விட்டுட்டாரு. விழுந்ததுல கழுத்து முறிஞ்சுபோச்சு" என்றாள் நங்கை.

அப்படியாயின் கொன்றது விடமா, வீழ்ச்சியா? இந்தக் கேள்வி வெண்பூதியாரை விடவில்லை. எயினனையும் அழைத்துக்கொண்டு அந்த மரத்திற்கே சென்றார்.

தாழ்ந்த பொந்தொன்றின் வாயில் வெண்பட்டுப் போல் நூல் படர்ந்திருந்தது. உள்ளே உள்ளங்கை அகலத்தில் ஒரு சிலந்தி. மரப்பட்டையோடு பட்டையாய் ஒட்டிய சாம்பல்நிறக் கோலம். ஒரு குச்சியால் நூலை விலக்கியதும் அது முன்கால்களை உயர்த்திற்று. கால்களின் அடியில் மஞ்சட் பட்டைகள் பளிச்சிட்டன. அதன் பின்னே குஞ்சுகள் கூட்டமாய் ஒடுங்கியிருந்தன. தாயும் குஞ்சுகளும் ஒரே வீட்டில்! அவர் வியப்பில் இன்னும் குனிந்தார். கண்ணிமைக்குமுன் அது குச்சிவழி ஓடிவந்து விரலைக் கடித்தது.

எயினன் வாளை உருவினான். "விரல வெட்டிடட்டுமா அம்மா? காட்டுக்கு இப்பவே தீ வைக்கச் சொல்றேன்!"

"ரெண்டும் வேணாம். நான் செத்தா கொளுத்து. பிழைச்சா பந்தத்த அணை" என்றார் அவர்.

கை வீங்கிற்று. தசைகள் முறுக்கி இழுத்தன. வியர்வையில் பாய் நனைந்தது. நங்கை தன் வீட்டிற் கிடத்தி, அருகிருந்து கஞ்சி ஊட்டினாள். சில நாள் வதைத்தபின் வலி தணிந்தது. மருத்துவச்சியார் எழுந்து வாசலுக்கு வந்ததைக் கண்ட எயினன் பந்தங்களை ஆற்றில் எறிந்தான்.

ஆதலால் நம் ஆணை இது. மருதங்காட்டில் தீ வைத்தலாகாது. பொந்துள்ள மரத்தில் கோடரி படலாகாது. பொந்தினுள் எவரும் கை நுழைத்தலாகாது. நங்கைக்கு ஆயுள்வரை அரண்மனைச் சோறு நும் கூற்றத்திலேயே வழங்கப்படுக.

இன்னும் ஒன்று. பரிசென்ன வேண்டுமென்று மருத்துவச்சியாரைக் கேட்டோம். மழை பெய்து பொந்து நிறைந்தால் அத்தாய் குஞ்சுகளோடு எங்கே போகுமென்று காண, கார்காலம் முழுதும் அங்கே தங்க இசைவு ஒன்றே கேட்டார் வெண்பூதியார். அளித்தோம். மரத்தடியில் குடில் அமைத்துக் கொடுப்பீராக. விடை தெரிந்ததும் தூதனை விரைந்து அனுப்புக. நாம் உறங்கினும் எழுப்பிச் சொல்ல அவனுக்குத் தடையில்லை.

நம் களிற்றிலச்சினை இட்டோம். இவ்வண்ணமே நடக்க.