கொடியில் காய்ந்த உப்பு

தாழங்குடா,
கடலூர்.
பங்குனி 5

அன்புள்ள பிரியாவுக்கு,

பூவரசன் எழுதுவது. நானும் நம் குழந்தை இசைவாணியும் நலம். நீயும், குவைத்தில் நீ வேலை செய்கிற வீட்டாரும், நீ தூக்கி வளர்க்கிற அந்த வீட்டுக் குழந்தையும் நலமாக இருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமைதோறும் போனில் முகம் பார்க்கிறோமே, கடிதம் எதற்கு என்று நீ சிரிப்பாய். நீ பேசும்போது உன் பக்கத்தில் அந்த வீட்டம்மா நிற்கிறாள். என் பக்கத்தில் இசை போனைப் பிடுங்குகிறாள். இதற்கு நடுவில் சாப்பிட்டியா, சாப்பிட்டேன் என்பதைத் தாண்டி நாம் போனதே இல்லை. போன வெள்ளி மட்டும் நீ தாண்டினாய். குழந்தையின் கழுத்துச் சிவப்பைப் பார்த்து அழுதாய். ஒரு குழந்தையைக் குளிப்பாட்டத் தெரியாதா என்று கேட்டாய். சித்திரை பிறப்பதற்குள் அவளைச் சிதம்பரத்தில் உன் அக்கா தமிழ்ச்செல்வி வீட்டில் விட்டுவிடச் சொன்னாய். நான் 'சரி, பாப்போம்' என்று சொல்லிவிட்டேன். வாய்தான் சரி என்றது. மனசு சொல்லவில்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். முதுநகர் நூர்முகம்மது பாய் வியாழக்கிழமை குவைத்துக்குத் திரும்புகிறார். வஞ்சிரக் கருவாடும் மாங்காய் ஊறுகாயும் இந்தக் கடிதமும் அவர் கையில் வரும்.

குளிப்பாட்டத் தெரியாதா என்றாயே, உண்மையில் தெரியாதுதான். நீ கிளம்பிப் போன புதிதில் எண்ணெய் தேய்க்கக்கூட வரவில்லை. வலை இழுத்த கை இது. உள்ளங்கையை முதுகில் வைத்தாலே அலறுவாள். பிறகு புறங்கையால் தேய்க்கப் பழகினேன். இப்போது அவளே எண்ணெய்க் கிண்ணத்தில் கையை விட்டு என் விரல்களுக்குத் தேய்த்துவிடுகிறாள். தினமும் தேய்த்துத் தேய்த்து என் கை இளகிவிட்டது. கரையில் உட்கார்ந்து வலை பின்னும்போது நைலான் நூல் விரலை அறுக்கிறது. கூட உட்கார்ந்து வலை பின்னுகிற காசிநாதன் அதைப் பார்த்துவிட்டு, 'இன்னா மாமா, கை பொண்ணு கையாட்டம் ஆயிடுச்சி, இனிமே கடலுக்குப் போவ மாட்டியா' என்று ஊரைக் கூட்டிக் கேலி செய்கிறான். செய்துவிட்டுப் போகட்டும். குழந்தையை விட்டுவிட்டு ராத்திரியில் கடலுக்குப் போக முடியாது என்றுதானே கரை வேலைக்கு வந்தேன். அவனுக்கு என்ன, வீட்டில் ஆள் இருக்கிறது.

மழை முடிந்து மார்கழி பிறந்தபோது இது தொடங்கியது. முதலில் கழுத்து மடிப்பில், பிறகு அக்குள், இடுப்பு. தோல் வறண்டு, சொரசொரவென்று ஆகி, சொறிந்து சொறிந்து சிவந்துவிட்டது. பக்கத்து வீட்டுக் குப்பு அக்கா பார்த்துவிட்டு, 'ஆத்தா வந்துருக்கா தம்பி, சோப்பு கீப்பு போட்றாத' என்று சொல்லி வாசலில் வேப்பிலை செருகிவிட்டது. வேப்பிலையைப் பார்த்து ஒரு வாரம் யாரும் வீட்டுக்குள் வரவில்லை. பால்காரர்கூட மதில்மேல் வைத்துவிட்டுப் போனார். இரண்டு வயதுப் பிள்ளையும் நானும் ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம். கொப்புளம் ஒன்றும் கிளம்பவில்லை. அம்மை இல்லை என்று அதன்பிறகுதான் அக்காவுக்கே தெரிந்தது.

அப்புறம் ஆளுக்கொரு வைத்தியம். பயத்தமாவும் கஸ்தூரி மஞ்சளும் குழைத்துப் போட்டேன். இன்னும் சிவந்தது. கற்றாழையைக் கீறித் தடவினேன். குழந்தை துடித்துவிட்டாள், பிரியா. நீ ஆசையாக வாங்கி அனுப்பினாயே ரோஜா வாசனை கிரீம், அதையும் போட்டேன். அதுவும் ஒத்துக்கொள்ளவில்லை. உன் மனசு கஷ்டப்படும் என்று போனில் சொல்லாமல் விட்டேன். டியூப் அலமாரியில் இருக்கிறது. இசை அதை எடுத்து மோந்து பார்த்துவிட்டுத் திரும்ப வைப்பாள்.

கடைசியில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அந்த டாக்டரம்மா நல்ல மாதிரி. நான் போட்டதையெல்லாம் கேட்டுவிட்டு, 'கடைல வாங்கலன்னா எல்லாம் ஒத்துக்கும்னு யாருங்க சொன்னா? இந்தத் தோலுக்கு மஞ்சளே எரியும்' என்றார். வெதுவெதுப்பான தண்ணீரில் சீக்கிரம் குளிப்பாட்டி முடிக்க வேண்டும். வாசனை சோப்பு, பவுடர் எதுவும் கூடாது. துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, ஈரம் காய்வதற்குள் செக்குத் தேங்காயெண்ணெய் தடவ வேண்டும். நகத்தை ஒட்ட வெட்டிவிட வேண்டும், பருத்தித் துணிதான் போட வேண்டும். புண்ணாகித் தண்ணீர் கசிந்தால் மட்டும் உடனே தூக்கிக்கொண்டு வரச் சொன்னார். ஒன்று விடாமல் செய்தேன். கொஞ்சம் அடங்கும், மறுபடி கிளம்பும். என் கைதான் ராசியில்லாத கை என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் உன் அக்கா போன் போட்டு, கொஞ்ச நாள் சிதம்பரத்தில் வைத்திருக்கிறேன் என்று கேட்டார்கள். கொண்டுபோய் விட்டேன். உள்ளதைச் சொல்ல வேண்டும். அங்கே போய் நாலைந்து நாளில் தோல் தெளிந்துவிட்டது. அக்கா வீட்டுக்காரர் மணவாளன் அண்ணன் போட்டோ எடுத்து அனுப்பினார். கழுத்து பளபளவென்று இருந்தது. சந்தோஷப்பட வேண்டியதுதானே? என்னைவிட்டுப் போனதும் குழந்தைக்குச் சரியாகிவிட்டதே என்றுதான் எனக்குத் தோன்றியது.

அவள் இல்லாத அந்த நாட்களை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது? காலையில் எழுந்து அடுப்பில் வெந்நீர் வைத்தேன். பக்கெட்டில் ஊற்றி, விளாவி, முழங்கையை விட்டுச் சூடு பார்த்தேன். அதன்பிறகுதான் யாரைக் குளிப்பாட்டப் போகிறோம் என்று நினைவு வந்தது. அந்தத் தண்ணீரை என்ன செய்வது என்று தெரியாமல் நானே குளித்தேன். வேலை நேரம் போக யாரிடமும் பேச்சில்லை. ஒருநாள் கடைக்காரர் என்ன வேணும் என்று கேட்டபோது வாயைத் திறந்தால் தொண்டை கட்டிப்போயிருந்தது. சளி பிடித்துவிட்டதா என்றார். ஆமாம் என்று சொல்லி வைத்தேன். நீ போனபோதுகூட இப்படி ஆகவில்லை. அப்போது பேச அவள் இருந்தாள்.

சொன்ன நாளுக்கு முன்னாலேயே பஸ் ஏறிப்போய்க் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அக்கா முகம் வாடிவிட்டது. பிள்ளையில்லாத வீடு, அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. அங்கே துவைத்து மடித்த துணிகளையெல்லாம் ஒரு பையில் வைத்துக் கொடுத்தார்கள். வாசல்வரை வந்து, 'அந்த வூடு இவுளுக்கு ஒத்துக்கல பூவரசா, எங்கிட்டயே இருக்கட்டுமே' என்றார்கள். நான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, இசையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.

வந்த கொஞ்ச நாள் நன்றாகத்தான் இருந்தாள். பிறகு மறுபடியும் கழுத்து, அக்குள், இடுப்பு. அதைத்தான் நீ போன வெள்ளி பார்த்தாய். உன் போன் வந்து போன பிறகு அவளை மடியில் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தேன். முகம் வழவழவென்று இருக்கிறது. முகத்துக்கும் இதே தண்ணீர்தான், இதே எண்ணெய்தான், இதே கைதான். துணி படுகிற இடம் மட்டும்தான் சிவக்கிறது. அது ஏன் இத்தனை நாள் என் கண்ணில் படவில்லை என்று தெரியவில்லை.

கொடியிலிருந்து எடுத்துவந்த நீலக் கவுன் பாயில் கிடந்தது. கிடக்கக்கூட இல்லை, அப்பளம் மாதிரி விறைத்துக்கொண்டு நின்றது. எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு. கடலில் முக்கி எடுத்தது போல் கரித்தது.

நீ இருந்தவரை துணியைப் பின்பக்கம்தான் காயப்போடுவாய். மழைக்காலம் முழுக்க நான் வீட்டுக்குள் காயவைத்தேன். மழை விட்டதும், வீடு கட்ட நீ அனுப்பிய பணத்தில் செங்கல்லும் ஜல்லியும் வந்து பின்பக்கத்தை அடைத்துக்கொண்டன. நான் முன்பக்கம், வலை காயப்போடுகிற கயிற்றிலேயே இவள் துணியையும் போட்டுவிட்டேன். கடல் காற்று நேரே வந்து மோதுகிற இடம். துவைக்கிற அடிபம்புத் தண்ணீரும் உப்பு. பொழுது சாய்கிறவரை துணி அந்தக் கயிற்றிலேயே கிடக்கும். அந்த உப்பைத்தான் தினமும் அவளுக்கு மாட்டிவிட்டு, வியர்வையில் எரிகிறது என்று அவள் அழ அழ, மேலே எண்ணெய் தடவிக்கொண்டிருந்திருக்கிறேன். அக்கா வீட்டுப் பை காலியானதும் சிவப்பு ஏன் திரும்பியது என்று இப்போது புரிகிறது. என் கை இல்லை, பிரியா. இந்த வீடும் இல்லை. கொடிதான்.

அன்றைக்கே அவள் துணி எல்லாவற்றையும் குடிதண்ணீரில் இரண்டு முறை அலசி, அடுப்படிக்குள் கயிறு கட்டிக் காயப்போட்டேன். இப்போது அதுதான் வழக்கம். குனிந்துதான் சமைக்க வேண்டியிருக்கிறது, தலையில் ஜட்டி இடிக்கிறது. ஆனால் குழந்தை சொறிவதை நிறுத்திவிட்டாள். சிவப்பு முழுக்கப் போகவில்லை, மங்கிவிட்டது. வறண்ட தோல் கூடப் பிறந்தது, பெரியவள் ஆகிறவரை பார்த்துக்கொள்ள வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். பார்த்துக்கொள்வேன்.

அக்கா வீட்டில் அவளுக்கு ஒரு குறையும் வராது. விளையாடத் தெரு இருக்கிறது, நல்ல தண்ணீர் இருக்கிறது, மடியில் வைத்துச் சோறு ஊட்ட ஆள் இருக்கிறது. இங்கே நான் ஒருத்தன். அதெல்லாம் எனக்குத் தெரியாமல் இல்லை. இத்தனையும் படித்த பிறகும் அங்கேதான் விட வேண்டும் என்று நீ சொன்னால் கொண்டுபோய் விடுவேன். அடம் பிடிக்க மாட்டேன், பெற்றவள் நீ. ஆனால் அவளையும் அனுப்பிவிட்டு இந்த வீட்டுக்குள் நான் எப்படி வருவது என்று தெரியவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது.

பாயிடம் கொடுத்த பையில் கருவாட்டு வாடை படாமல் இரண்டு கவுன் தனியாகச் சுற்றி வைத்திருக்கிறேன். நீலம், நேற்று வேண்டுமென்றே பழைய கொடியில் காயப்போட்டது. தொட்டுப் பார், தெரியும். மஞ்சள், அடுப்படியில் காய்ந்து, இன்று பகல் முழுக்க அவள் போட்டிருந்தது. நெஞ்சில் குழம்புக் கறை இருக்கும், கழுத்தோரம் தேங்காயெண்ணெய் வாசம் இருக்கும். இரண்டையும் தொட்டுப் பார்த்துவிட்டு, அடுத்த வெள்ளி எனக்கு ஒரு பதில் சொல்.

நீ அந்த வீட்டுக் குழந்தையைக் குளிப்பாட்டும்போது இவள் நினைவு வருமா என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. இப்போதும் கேட்கவில்லை. நேரத்துக்குச் சாப்பிடு. அங்கே காற்று வறட்சி ஜாஸ்தி என்று பாய் சொன்னார், நீயும் கைகாலுக்கு எண்ணெய் தடவிக்கொள். கடல் தெய்வம் உன்னைப் பத்திரமாக வைத்திருக்கட்டும்.

நீலக் கவுனை அலசிப் போட்டுவிடு. மஞ்சள் கவுனை மட்டும் துவைத்துவிடாதே.

உன்,
பூவரசன்