எடுத்துக்காட்டு வாக்கியம்

செவ்வாய், நவம்பர் 4

அன்புள்ள தம்பிக்கு,

போனை நீ எடுக்க மாட்டாய். கடிதமென்றால் ஓர் எழுத்து விடாமல் படிப்பாய், அதனால் எழுதுகிறேன்.

நம் வீட்டுக்குள் வெள்ளம் முழங்கால்வரை வந்து வடிந்துவிட்டது. பீரோவின் கீழ்த்தட்டு முழுக்கச் சேறு. சமையலறைச் சுவர் விரிசல் விட்டிருக்கிறது. இன்னொரு மழை தாங்காது என்கிறார் கொத்தனார். அப்பாவோ மாடி அறைக் கட்டிலைவிட்டு அசைய மறுக்கிறார். "எங்க வீட்டுக்கு வாங்கப்பா" என்று தொண்டைத் தண்ணீர் வற்றக் கூப்பிட்டுவிட்டேன். "தம்பி வரட்டும், போலாம்" என்கிறார். ஒரு நாள் வந்து கூப்பிட்டுவிட்டுப் போயேன்.

அக்கா

வெள்ளி, நவம்பர் 7

அன்புள்ள அக்காவுக்கு,

படித்ததிலிருந்து மனசே சரியில்லை. ஆனால் அகராதி அச்சுக்குப் போகிற நேரம். ஆசிரியர் கழுத்தைப் பிடிக்கிறார். வேடிக்கையைப் பார், இந்த வாரம் 'வெள்ளம்' என்ற சொல்தான் என் மேசையில்! மக்கள் வெள்ளம், கண்ணீர் வெள்ளம் எல்லாம் சேர்த்தாயிற்று. பழைய கணக்கில் அது ஒரு பேரெண்ணாம். வெறும் தண்ணீரையே வெள்ளம் என்பவர்களும் உண்டு. நீர்ப்பெருக்கு என்ற முதல் பொருளுக்குத்தான் நல்ல எடுத்துக்காட்டு வாக்கியம் அமையவில்லை. அங்கே ஜனங்கள் வெள்ளம் வந்தது என்கிறார்களா, ஏறியது என்கிறார்களா? கேட்டு எழுதேன். வேலை முடிந்ததும் ஓடி வருகிறேன்.

தம்பி

திங்கள், நவம்பர் 10

அடேய்,

உனக்கு மூளை கீளை இருக்கிறதா? துடைப்பமும் கையுமாக நான் சேறு தள்ளுகிறேன், நீ ஜனங்களைக் கேட்டுச் சொல் என்கிறாய்! எழுதிக்கொள்: வெள்ளம் வரும், ஏறும், புகும், வடியும். வீட்டுக்குள் வெள்ளம் வந்தது. பெற்ற பிள்ளை வரவில்லை. போதுமா?

வாசலில் ஆட்டோ சத்தம் கேட்டால் அப்பா சட்டையை மாட்டிக்கொள்கிறார்.

அக்கா

சனி, நவம்பர் 15

அன்புள்ள அக்கா,

கோபித்துக்கொள்ளாதே. உன் வாக்கியம் அற்புதம்! 'பெற்ற பிள்ளை வரவில்லை' வரை அப்படியே போட்டுவிட்டேன். ஆசிரியரே "பேஷ்" என்றார். அச்சான பக்கத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். காலமெல்லாம் அச்சகத்தில் பிழை திருத்தியவராயிற்றே, அப்பாவிடம் காட்டு, பூரித்துப்போவார். அடுத்த வாரம் கட்டாயம் வருகிறேன்.

தம்பி

புதன், நவம்பர் 19

தம்பிக்கு,

நான் காட்டவில்லை. உன் கடிதம் என்றதும் அப்பாவே மாடியிலிருந்து இறங்கி வந்து, நான் தடுப்பதற்குள் உறையைப் பிரித்துவிட்டார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்தார். பேனா கேட்பார் என்று நினைத்தேன். "தப்பு ஒண்ணும் இல்லம்மா. வண்டிய வரச் சொல்லு" என்றார்.

இப்போது என் வீட்டில் இருக்கிறார். வேளைக்குச் சாப்பிடுகிறார். ஆட்டோ சத்தம் கேட்டாலும் சட்டையைத் தேடுவதில்லை. நீ அவசரப்பட்டு வர வேண்டாம், உன் வேலையைப் பார்.

அக்கா