'நீ' என்றதற்கு மறியல்

என் அன்பான கிர்ஸ்டன் அக்கா,

முதலில் செய்தி. அரசாங்கம் விழுந்துவிட்டது! எங்கள் தமிழ் அகதிகளின் குடும்பங்களை டென்மார்க்குக்கு வரவிடாமல் மறித்து வைத்தது சட்டவிரோதம் என்று நீதிபதி எழுதிவிட்டார். பிரதமரே பதவி விலகிவிட்டார். வானொலியில் கேட்டதும் உங்களிடம் சொல்லத் தொலைபேசியை எடுத்துவிட்டேன். நீங்கள் போன வருடம் கண்மூடியது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

ஹொல்ஸ்டெப்ரோவில் உங்கள் குசினியில் அடுப்புப் பக்கம் இருந்த அந்த மாலை நினைவிருக்கிறதா? மனைவி சாந்தியும் மகள் நிலாவும் அனுமதி கிடைக்காமல் கொழும்பில் தவித்த காலம். "கூட்டத்துக்கு ஒரு அரசியல்வாதி வருகிறார், எழும்பிக் கேள்" என்றீர்கள். "ஐயோ அக்கா, வாய் திறந்தா என்ரை ஆக்களை இன்னும் பிந்தப்பண்ணிப் போடுவாங்கள்" என்று மறுத்தேன்.

அப்போதுதான் உங்கள் குவேக்கர் என்ற கிறிஸ்தவ சபையின் முதல் ஆட்களைப் பற்றிச் சொன்னீர்கள். முந்நூறு வருடங்களுக்கு முந்திய இங்கிலாந்து. கடவுளுக்கு முன் எல்லோரும் சமம் என்று நீதிபதிக்கும் தொப்பி கழற்ற மாட்டார்களாம். அவரையும் 'நீ' என்றே அழைப்பார்களாம். அடி, மறியல், அந்தச் சிறையிலேயே செத்தவர்கள் எத்தனையோ பேர்.

"நீ எண்டதுக்கே மறியலோ?"

"ஓம்" என்றீர்கள், என்னிடம் பழகிய தமிழில். "வெளியே வந்தும் நீ என்றுதான் சொன்னார்கள்."

ஒரு சொல்லுக்காக உயிரைக் கொடுத்தார்களே, எப்பேர்ப்பட்ட மனிதர்கள்!

கூட்டத்தில் எழுந்தேன். டேனிஷில் எல்லோருக்கும் 'டு', அதாவது நீ. பெரியவர்களிடம் எனக்கு அது வாயில் வராது. அன்று வந்தது.

"நீ உன்ரை பிள்ளையைக் கடைசியா எப்ப கண்டனி?"

"இண்டைக்குக் காலமை" என்றார் அந்த அரசியல்வாதி.

"நான் ஊரை விட்டு வெளிக்கிடேக்கை என்ரை பிள்ளை தவழ்ந்தவள். இப்ப பள்ளிக்கூடம் போறாள்."

பின்னொரு நாள் சாந்தியும் நிலாவும் வந்து இறங்கியபோது என்னைவிட நீங்கள்தான் அதிகம் அழுதீர்கள்.

நிலா இப்போது டேனிஷ் பழக்கத்தில், "அப்பா, நீ சாப்பிட்டியோ?" என்கிறாள். "அப்பாவை நீ எண்டுறதோ? வாயிலை போடுவன்!" என்று சாந்தி பாய்கிறாள்.

"விடுமப்பா. அந்தச் சொல்லுக்கு ஆக்கள் மறியலுக்குப் போயிருக்கினம்" என்றேன்.

உங்களையும் அப்படி அழைக்கச் சொல்லி எத்தனை தரம் கேட்டீர்கள்! நாக்கு எழவேயில்லை, அக்கா. ஞாயிற்றுக்கிழமை நிலாவோடு உங்கள் கல்லறைக்கு வருவேன். தொப்பியைக் கழற்ற மாட்டேன்.

நீ கோபிக்க மாட்டாய்.

உன் தம்பி,
சிவா