ஏழு ஹேங்கர்களும் ஒரு கொக்கும்

மார்ச் 3, செவ்வாய்

இன்று மூன்றாவது முறையாகக் கொக்கு விழுந்தது. களிமண் கால் உருகும் மெழுகுவர்த்தி போல மெல்லக் குனிந்தது, அலகு மேசையில் குத்தியது, அவ்வளவுதான். ஓவிய டீச்சர் சிரித்துவிட்டார். "எலும்பு இல்லாம உடம்பு நிக்குமாம்மா? முதல்ல உள்ள கம்பிக்கூடு கட்டு. சனிக்கிழமை கண்காட்சி. தானா நின்னா வாசல் மேசை உனக்கு. மேலேருந்து நூல் கட்டினா கிடையாது."

வாசல் மேசை. உள்ளே வருகிற எல்லாரும் முதலில் பார்ப்பது. எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

இரண்டு காலில் நிற்க வைத்தால் என்ன என்றும் கேட்டார். முடியாது. இரண்டு காலில் எல்லாரும்தான் நிற்கிறார்கள்.

மார்ச் 4

நூலகத்தில் பறவை எலும்புகளைப் பற்றி ஒரு தடிப் புத்தகம். அதை எடுத்த முதல் ஆள் நான்தான். கொக்கின் முழங்கால் என்று நாம் நினைப்பது உண்மையில் அதன் கணுக்கால். வீட்டில் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொன்னேன். அப்பாவிடம் இரண்டு முறை, பாவம்.

கம்பிக்கு எங்கே போவது என்று யோசித்துக்கொண்டே துணி அலமாரியைத் திறந்தேன் – கம்பி, கம்பி, கம்பி.

மார்ச் 5

ஏழு ஹேங்கர்கள். குறடால் கொக்கியை வெட்டி நிமிர்த்தி முறுக்கினேன். காலுக்கு மூன்று, கழுத்துக்கு இரண்டு, வயிற்று வளையத்துக்கு இரண்டு. மண் வழுக்காமல் இருக்க மேலே சணல். பலகையில் ஆணி அடித்து நிறுத்திவிட்டு, அதைச் சுற்றி நான்கு தடவை நடந்தேன். மண்ணே பூசாமல் இப்படியே வைத்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. பிறகு பூசினேன்.

மாலை அக்கா வந்தாள். நாளை அவளுக்கு இன்டர்வியூ. வெள்ளைச் சட்டை அலமாரியின் அடியில் சுருண்டு கிடந்தது. காலரில் களிமண், என் கட்டைவிரல் ரேகையோடு.

"உன் கொக்குக்கு எலும்பு வேணும்னு என் சட்டையோட எலும்ப உருவிட்டியாடி?"

சட்டையைப் பிடுங்கிக்கொண்டு போனாள். துவைத்தாள், தேய்த்தாள். ரேகை போகவில்லை.

மார்ச் 6

விழுந்துவிட்டது. கம்பி வளையவேயில்லை, ஆணியைப் பிடுங்கிக்கொண்டு முழுசாகச் சாய்ந்துவிட்டது. நாளைக்குக் கண்காட்சி. நான் என்ன பண்ணுவேன்? புத்தகத்தில் எல்லாம் இருக்கு, இது மட்டும் இல்லையே.

–

மறுபடி எழுதுகிறேன், சந்தோஷத்தில். இன்டர்வியூ முடிந்து வந்த அக்கா வாசலில் ஒற்றைக்காலில் நின்று செருப்பைக் கழற்றினாள். அவள் இடுப்பு நகர்ந்து ஊன்றிய காலுக்கு மேலே போய் நின்றது.

"அக்கா, அப்படியே நில்லு."

"நான் உன்கூடப் பேசல." ஆனால் நின்றாள்.

சாவிக்கொத்தை நூலில் கட்டி அவள் மோவாயிலிருந்து தொங்கவிட்டேன். நேராகப் பாதத்தின் நடுவில் போய் நின்றது. நான் செய்தது என்ன? இரண்டு கால் கொக்கை வரைந்து ஒரு காலை அழித்திருக்கிறேன். மிச்சக் கால் பழையபடி ஓரத்திலேயே இருந்தால் எப்படி நிற்கும்?

"கால் வலிக்குதுடி."

"கொக்குக்கு வலிக்காது."

"நான் என்ன கொக்கா?"

அம்மா எட்டிப் பார்த்து, "இந்த வீட்ல ஒருத்தி ஒத்தைக்கால்ல நிக்கிறது பத்தாதா?" என்றாள். அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு காலிலிருந்த மண்ணை உரித்தேன், அவளே கூட்டைப் பிடித்துக்கொண்டாள், நான் காலை உள்பக்கமாக வளைத்து மறுபடி பூசினேன்.

இன்டர்வியூ எப்படி என்று கேட்கப் பயமாக இருந்தது. அவளே சொன்னாள்: "படிப்பைப் பத்தி ரெண்டு கேள்வி. காலரைப் பத்தி ஒண்ணு. மீதி நேரம் பூரா உன் கொக்குதான்."

மார்ச் 7

காலை பத்திலிருந்து மாலை நான்கு வரை நின்றது. நானும் உட்காரவில்லை.

மார்ச் 16, திங்கள்

அக்கா இன்று முதல் நாள் வேலைக்குப் போனாள். அதே சட்டைதான், ரேகையோடு. அலமாரி முழுக்கப் புது ஹேங்கர்கள் வாங்கித் தொங்கவிட்டிருக்கிறாள். எல்லாம் பிளாஸ்டிக்.

என் மேசையில் மட்டும் ஒரு கம்பி ஹேங்கர் இருக்கிறது. கொக்கியை ஏற்கெனவே வெட்டிவிட்டிருக்கிறாள்.